பழைய காருக்குப் புது ஒயரிங்: கேள்வி பதில்

பழைய கார்களைப் புதுப்பிக்கும் நம் வட்டார நண்பர்கள், ஒயரிங்கை ஒழுங்காகக் கட்டிப் பொருத்துவது பற்றி அனுப்பிய கேள்விகளும் அவற்றுக்கான என் பதில்களும் இவை.

பாளையங்கோட்டை நண்பர்: அண்ணாச்சி, அப்பாவின் அம்பாசிடருக்குப் பெயிண்ட் வேலை முடிந்துவிட்டது. புது ஒயரிங் செட்டும் வந்துவிட்டது. எங்கிருந்து தொடங்குவது?

பழைய ஒயரிங்கை இன்னும் எடைக்குப் போடவில்லை என்றால், முதலில் அதைத் தரையில் நீளவாக்கில் விரித்து, புதியதை அதன் பக்கத்தில் போட்டுப் பாருங்கள். எந்தக் கிளை எவ்வளவு தூரத்தில் பிரிகிறது, எது எந்தத் துளை வழியாக நுழைகிறது என்பதைப் பழையதே காட்டிவிடும். லூகாஸ் என்ற பிரிட்டிஷ் மின்சாதன நிறுவனத்தின் நிறமுறையில் பழுப்பு நிற ஒயரில் எப்போதும் மின்சாரம் இருக்கும், வெள்ளையில் சாவி போட்டால் வரும், பச்சை ஃபியூஸைத் தாண்டி வருவது, கறுப்பு எர்த், அதாவது மின்சாரம் பாடி வழியாகத் திரும்பும் இணைப்பு. மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு வழிவந்த அம்பாசிடருக்கு இந்த முறை நல்ல வழிகாட்டி. ஆனாலும் பல கைகள் பட்ட வண்டியில் நிறத்தை மட்டும் நம்பாமல், ஒவ்வொரு ஒயரையும் மல்டிமீட்டர் வைத்து உறுதி செய்து, முனையில் சீட்டு எழுதிக் கட்டுங்கள்.

பிறகு எல்லாவற்றையும் தளர்வாகவே ஓட்டி, இணைப்புகளைக் கொடுத்து, ஒவ்வொரு விளக்கையும் ஹாரனையும் சோதித்துவிட்டு, அதற்குப் பின்புதான் கிளிப்பை முடுக்கி டேப் சுற்ற வேண்டும். முதன்முறை பேட்டரி கொடுக்கும்போது, நடுவில் ஒரு ஹெட்லைட் பல்பைத் தொடராக இணைத்துக் கொடுங்கள். எங்காவது ஷார்ட் இருந்தால் பல்பு பளீரென்று எரியும், ஒயர் கருகாது.

அம்பாசமுத்திரம் நண்பர்: கேபிள் டை போட்டு இறுக்கினால் போதாதா அண்ணாச்சி? கிளிப் எதற்கு?

ஒயரை ஒயரோடு சேர்த்துக் கட்டுவது ஒரு வேலை, கட்டிய கற்றையை பாடியோடு அசையாமல் பிடித்து நிறுத்துவது வேறு வேலை. கேபிள் டை முதல் வேலைக்குத்தான் ஏற்றது. ஓடும் வண்டியின் அதிர்வில் கற்றை ஒரு நூலளவு அசைந்தாலும், அது தொடுகிற தகட்டு விளிம்பு நாளடைவில் இன்சுலேஷனை அரம்போல் அராவிவிடும். ஆகவே எஞ்சின் அறையில் ஏறத்தாழ 15 முதல் 20 சென்டிமீட்டருக்கு ஒன்றாக, உள்ளே ரப்பர் வைத்த பி-கிளிப் (P எழுத்து வடிவ வளையக் கிளிப்) போட்டு, இருக்கிற போல்ட்டிலேயே பிடியுங்கள். பாடியிலேயே பற்றவைத்த பழைய தகட்டு நாக்குகள் இருந்தால் அவற்றையும் பயன்படுத்தலாம். ஆனால் மடக்குவதற்கு முன் கற்றைக்கு ஒரு துண்டு ரப்பர் ஸ்லீவ் போட்டுவிடுங்கள், ஏனென்றால் அந்த நாக்கின் ஓரமே பின்னாளில் கத்தியாகிவிடும்.

டை போடும் இடங்களிலும் கறுப்பு நிறத்தையே வாங்குங்கள். வெள்ளை டை நம்மூர் வெயிலிலும் எஞ்சின் சூட்டிலும் மொறுமொறுத்து உடைந்துவிடும். பெட்ரோல் பைப்போடு சேர்த்து ஒயரை ஒருபோதும் கட்டாதீர்கள். இதில் நான் கண்டிப்பானவன்.

வள்ளியூர் நண்பர்: ஃபயர்வாலில், அதாவது எஞ்சின் அறைக்கும் ஆட்கள் உட்காரும் பகுதிக்கும் நடுவிலுள்ள தகட்டுச் சுவரில், இருக்கும் துளையில் டேப்பைத் தடிமனாகச் சுற்றிவிட்டால் போதும் என்கிறார் எங்கள் மெக்கானிக்.

போதாது. எஞ்சின் பக்கம் நின்று டார்ச் அடித்து அந்தத் துளையின் விளிம்பைப் பாருங்கள்: புதுப் பெயிண்டுக்குக் கீழே தகடு கூராகத்தான் இருக்கும். டேப்பின் பசை சூட்டில் இளகி வழிந்துவிடும். பிறகு டேப் நழுவ, ஒயர் நேராகத் தகட்டின்மேல் உட்காரும். அந்த இடத்தில் போவது ஃபியூஸ் இல்லாத பழுப்பு ஒயராக இருந்தால் வண்டியே எரிந்துபோகலாம். துளையின் அளவுக்குச் சரியான குரோமெட்டை, அதாவது விளிம்பை மூடும் ரப்பர் வளையத்தை, போட்டு, துளைக்கு இருபுறமும் கை அகலத்துக்குள் ஒவ்வொரு கிளிப் பொருத்தினால், ஒயரின் இழுப்பு குரோமெட்டின்மேல் விழாது. பெயிண்ட் நன்றாகக் காய்ந்த பிறகு குரோமெட்டை மாட்டுவது முக்கியம். கதவு, டிக்கி போன்ற திறந்து மூடும் இடங்களில் மட்டும் ஒரு வளைவு தளர்வாக விட வேண்டும். முழுதாகத் திறந்தபோதும் ஒயர் விறைக்கக் கூடாது.

திருச்செந்தூர் நண்பர்: கடற்கரை ஊர். இணைப்புகளைச் சால்டர் செய்வதா, கிரிம்ப் செய்வதா?

கிரிம்ப் செய்யுங்கள், அதாவது ஒயர் முனையை டெர்மினலுக்குள் வைத்து, அதற்குரிய நல்ல கருவியால் நசுக்கிப் பிடியுங்கள். சால்டர் செய்தால் ஈயம் இழைகளுக்குள் ஏறி ஒயர் அந்த இடத்தில் விறைத்துப்போகும். அதிர்வில் அந்த விறைப்பு முடியும் இடத்தில்தான் இழைகள் முறியும். உங்கள் ஊர் உப்புக் காற்றுக்கு, உட்புறம் பசையுள்ள ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் போட்டுச் சூடு காட்டிச் சுருக்கினால் ஈரம் உள்ளே போகாது.

தென்காசி நண்பர்: புது ஒயரிங் போட்டும் ஹெட்லைட் மங்கலாகவே எரிகிறது. சாரல் நேரத்தில் ஓட்டவே பயமாக இருக்கிறது.

பெரும்பாலும் புதுப் பெயிண்ட் எர்த் இணைப்பைத் தடுப்பதுதான் காரணமாக இருக்கும். எர்த் லக் (எர்த் ஒயரின் முனை வளையம்) உட்காரும் இடத்தில் பெயிண்டைச் சுரண்டி வெறும் தகடு தெரியும்படி செய்து, பல் வாஷர் போட்டு முடுக்கி, மேலே வாசலின் தடவுங்கள். கையோடு எஞ்சினுக்கும் பாடிக்கும் இடையிலான எர்த் பட்டையையும் பாருங்கள். அதை மாட்ட மறந்த வண்டியில் ஸ்டார்ட்டர் மின்சாரம் சோக் கேபிள் வழியாகத் திரும்பி, அந்தக் கேபிளையே பழுக்கக் காய்ச்சிவிடும்.

60 வாட் ஹாலஜன் பல்பு மாட்டியிருந்தால், இரண்டும் சேர்ந்து 10 ஆம்பியர் இழுக்கும். அதைப் பழைய சுவிட்ச் வழியாக விடாமல், ரிலேயும் (சிறு மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தை இயக்கும் சுவிட்ச்) தனி ஃபியூஸும் வைத்து, 2 சதுர மில்லிமீட்டர் ஒயரால் பேட்டரியிலிருந்து நேராகக் கொடுங்கள். டைனமோ வண்டியாக இருந்தால் பழைய வாட் பல்பே நல்லது. மெதுவாக ஓடும்போது டைனமோ போதிய சார்ஜ் தராது.

களக்காடு நண்பர்: எலி கடிக்காமல் இருக்க வழி உண்டா?

பாடியில் திறந்து கிடக்கும் துளைகளை எல்லாம் ரப்பர் மூடியால் அடையுங்கள். பழந்துணி, நெல், தவிடு எதையும் வண்டியிலோ ஷெட்டிலோ விட்டுவைக்காதீர்கள். வாரம் ஒருமுறையாவது பானெட்டைத் திறந்து பாருங்கள். கூடு கட்டத் தொடங்கியிருந்தால் அன்றே தெரிந்துவிடும்.