எதிரெதிர் அரசியல் உள்ளவர்களை நேரில் உட்காரவைத்துப் பேசவிட்டால் பகை குறையுமா? எப்படி நடத்துவது?

குறையும். ஆனால் யார் சொல்வது சரி என்று முடிவு கட்டக் கூட்டினால், வந்ததைவிடக் கூடுதல் கடுப்போடு எழுந்து போவார்கள். கருத்தை மாற்றுவது ஒரு வேலை, வெறுப்பைத் தணிப்பது வேறு வேலை. இந்தச் சந்திப்பு இரண்டாவதற்குத்தான் என்று அழைப்பிலேயே எழுதிவிடுங்கள்.

தரப்புக்கு 5 முதல் 7 பேர். ஒரு பக்கம் 7 பேரும் மறுபக்கம் 3 பேரும் வந்தால் கூட்டத்தைத் தள்ளிவைப்பதே மேல். அந்த மூவரும் தற்காப்பிலேயே நேரத்தைக் கழிப்பார்கள். இரு தரப்புக்கும் சம அந்தஸ்து இருந்தால்தான் நெருக்கம் பலன் தரும் என்று 1954லேயே உளவியலாளர் கார்டன் ஆல்போர்ட் எழுதிவிட்டார். ஆகவே கட்சி அலுவலகம் வேண்டாம், நடத்துபவர்களும் தரப்புக்கு ஒருவர். கட்சி நிர்வாகிகளைக் கூப்பிடாதீர்கள். அவர்களுக்கு மேடைப் பேச்சுதான் வரும்.

அமெரிக்காவில் 2016 தேர்தலுக்குப் பின் தொடங்கிய பிரேவர் ஏஞ்சல்ஸ் அமைப்பின் பட்டறைகளில் ஒரு பயிற்சி உண்டு. இரு தரப்பும் தனித்தனி அறைக்குப் போய், மற்றவர்கள் தங்கள் மேல் குத்தும் முத்திரைகளில் நாலைந்தைத் தாளில் எழுதும். ஒவ்வொன்றுக்கும் நேரே இரண்டு குறிப்பு: இதில் எது தவறு, இதில் எவ்வளவு உண்மை. பிறகு எல்லோர் முன்னாலும் படிக்க வேண்டும். உதாரணமாக, “எங்களுக்கு ஏழைகள் மேல் இரக்கமில்லை என்கிறார்கள். தவறு, உதவி அரசு வழியாகத்தான் போக வேண்டுமா என்பதே எங்கள் கேள்வி. ஆனால் வரியைப் பற்றிப் பேசும்போது ஏழையை மறந்துவிடுகிறோம், அது உண்மை.” தன் பக்கத்துக் குறையைத் தானே ஒருவர் சொல்லிவிட்டால், குத்திக்காட்ட எதிரே இருப்பவருக்கு வேலையில்லை. கெடுவதும் இங்கேதான். ஒரு தரப்பு மனம்விட்டு எழுதி, மறு தரப்பு “உண்மை எதுவுமில்லை” என்று வந்து நின்றால், எழுதியவர்கள் ஏமாந்ததாக உணர்வார்கள். அறையை விட்டு வெளியே வருமுன் இரு தாள்களையும் நடத்துபவர்கள் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். பொருந்தாவிட்டால் இன்னும் 10 நிமிடம் கொடுங்கள்.

அடுத்தது கேள்விச் சுற்று. “இவ்வளவு நடந்த பிறகும் எப்படி அவரை ஆதரிக்கிறீர்கள்?” என்பது கேள்விக்குறி போட்ட குற்றச்சாட்டு. “இந்த விஷயத்தில் உங்களுக்கு இந்த எண்ணம் வரக் காரணமாக இருந்த அனுபவம் எது?” என்று மாற்றச் சொல்லுங்கள். கேள்விகளைச் சீட்டில் எழுதி வாங்கினால் வடிகட்டுவது சுலபம். பதிலுக்கு 2 நிமிடம், மறுபேச்சு பேசுபவர் தான் கேட்ட பதிலை முதலில் தன் வார்த்தையில் சொல்லி, “சரிதானே?” என்று கேட்டுவிட்டே தொடர வேண்டும். ஜோஷுவா கல்லா, டேவிட் புரூக்மன் இருவரும் 2020இல் வெளியிட்ட ஆய்வில், சிறுபான்மையினரை ஒதுக்கும் மனப்பான்மையை வெறும் வாதங்கள் அசைக்கவில்லை. தீர்ப்புச் சொல்லாமல் அனுபவங்களைப் பரிமாறிக்கொண்ட உரையாடல்கள்தான் அசைத்தன. புள்ளிவிவரத்தோடு வருகிறவரை, “இது உங்கள் வாழ்க்கையில் எங்கே இடித்தது?” என்று திருப்பிவிடுங்கள்.

ஒரே சந்திப்பின் பலன் சில மாதங்களில் பெரும்பாலும் கரைந்துவிடும். அடுத்த தேதியை எல்லோரும் கிளம்புவதற்கு முன்பே குறித்துவிடுங்கள். அந்த முறை அரசியல் விவாதம் வேண்டாம், இரு தரப்பும் சேர்ந்து முடிக்கக்கூடிய ஏதாவது வேலை இருக்கட்டும்.