ராத்திரி எங்கே படுப்பீங்க?

கேள்வி: ஐயா, குடியாத்தத்தில் ஒரு தீப்பெட்டி ஆலையில் கணக்கு எழுதுகிறேன். வயது 34. பொங்கலை ஒட்டிப் பன்னிரண்டு நாள் லீவு சேர்த்து வைத்திருக்கிறேன். ஆறு வருடமாக ஓட்டும் பல்சர் 150-இல் தனியாக ஹம்பி, கோகர்ணா, சிக்மகளூர் போய்த் திரும்ப ஆசை. லாட்ஜ் வேண்டாம், டென்ட் அடித்துத் தங்கலாம் என்றிருக்கிறேன். விடியற்காலையில் கிளம்பினால் முதல் நாளே ஹம்பி போய்விடலாம் என்று கணக்குப் போட்டிருக்கிறேன். வாங்க வேண்டிய பொருட்களின் பட்டியலை இணைத்துள்ளேன், பார்த்துச் சொல்லுங்கள். மனைவி போக வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் "ராத்திரி எங்கே படுப்பீங்க?" என்று தினமும் கேட்கிறாள். அவளுக்கு எப்படித் தைரியம் சொல்வது?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர், குடியாத்தம்

பதில்: தம்பி, உங்கள் பட்டியலை இரண்டு முறை படித்தேன். நாற்பத்தோரு பொருள். கூடுதல் ஹெட்லைட் இருக்கிறது, ஹேண்டில்பாரில் மாட்டும் போன் ஸ்டாண்ட் இருக்கிறது, மடக்கு நாற்காலிகூட இருக்கிறது. எந்த ஊரில் எந்த ராத்திரி என்பதற்கு மட்டும் ஒரு வரி இல்லை. உங்கள் வீட்டம்மா சரியான இடத்தில் கை வைத்திருக்கிறார். அவருக்குத் தைரியம் சொல்லும் வழியைத் தேடாதீர்கள். அவர் கேட்டதற்குப் பதில் எழுதுங்கள், ஒரு தாளில், ஊர் ஊராக. அந்தத் தாள் முடிந்தால் உங்கள் பயணத் திட்டமும் முக்கால்வாசி முடிந்துவிடும்.

ஏன் சொல்கிறேன் என்றால், நான் அந்தத் தாள் இல்லாமல் போனவன். பதினைந்து வருடம் இருக்கும். வேலூரில் இருந்து சித்தூர், பீலேரு வழியாகக் கடப்பா பக்கம் போய்க்கொண்டிருந்தேன். இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று ஓட்டி, ஏழு மணிக்கு இருட்டிவிட்டது. ஒரு ஏரிக்கரைக்குக் கீழே சமதளமாகத் தெரிந்த இடத்தில் வண்டி வெளிச்சத்தில் டென்ட் அடித்துப் படுத்தேன். நடுராத்திரியில் டார்ச் வெளிச்சம் டென்ட் துணியில் பட்டது. வெளியே நான்கைந்து பேர், கையில் தடி. அந்தப் பக்கம் அப்போது மோட்டார் கொட்டகைகளில் செம்புக் கம்பி திருட்டு நடந்துகொண்டிருந்ததாம். திருடன் என்றுதான் வந்திருக்கிறார்கள். எனக்குத் தெரிந்த தெலுங்கில் ஊர், பேர், போகிற இடம் எல்லாம் சொல்லி முடிப்பதற்குள் தொண்டை வற்றிவிட்டது. கடைசியில் அவர்களில் வயதான ஒருவர்தான் அவர் வீட்டு மாட்டுக்கொட்டகைத் திண்ணையில் படுக்கச் சொன்னார். காலையில் சொம்பில் பால் கொடுத்தார். "பொழுதோடு வந்து கேட்டிருந்தால் அப்போதே இடம் கொடுத்திருப்போமே" என்றார்.

அன்று வரைக்கும் வெளியூரில் ராத்திரி பயப்பட வேண்டியவன் நான் என்றுதான் நினைத்திருந்தேன். ஊர் எல்லையில் முகம் தெரியாத ஒருவன் இருட்டில் துணியைக் கட்டிப் படுத்திருந்தால் அந்த ஊருக்கும் பயம்தானே? அதனால் என் முதல் விதி: நான்கு மணிக்குத் தங்கும் ஊரில் இருக்க வேண்டும். ஜனவரியில் ஆறு மணியைச் சுற்றி இருட்டிவிடும். அந்த இரண்டு மணி நேரத்தில் டீக்கடையில் உட்காருங்கள், எங்கிருந்து வருகிறீர்கள் என்று சொல்லுங்கள், யாருடைய இடம் என்று கேளுங்கள், உரியவரிடம் அனுமதி வாங்குங்கள். ஊரில் நான்கு பேருக்கு உங்கள் முகம் தெரிந்துவிட்டால் ராத்திரி யாரும் டார்ச் எடுத்துக்கொண்டு வரமாட்டார்கள்.

நான்கு மணி என்று வைத்தால் ஒரு நாளைக்கு எவ்வளவு ஓட்டலாம் என்பது தானாகவே வந்துவிடுகிறது. சுமை ஏற்றிய 150 சிசி வண்டியில் 250 கிலோமீட்டர் நிதானமான நாள். முந்நூறு, நெடுஞ்சாலை நன்றாக இருந்தால். நம் பக்கத்திலிருந்து ஹம்பி 450-ஐத் தாண்டும். முதல் நாளே அதை எட்ட நினைத்தால் இருட்டில்தான் போய் இறங்குவீர்கள். முதல் நாள் இருப்பதிலேயே சின்ன நாளாக இருக்கட்டும், ஏனென்றால் கட்டிய மூட்டை அவிழ்வதும் கண்ணாடி லூசாவதும் அன்றைக்குத்தான்.

சரி, நான் போட்டுப் பார்த்த கணக்கு இது. முதல் ராத்திரி மதனப்பள்ளிக்குப் பக்கத்தில் ஹார்ஸ்லி மலை. 1,200 மீட்டருக்கு மேல் உயரம், ஆந்திரச் சுற்றுலாத் துறை விடுதி இருக்கிறது, குளிர் எப்படி என்று அங்கேயே தெரிந்துவிடும். இரண்டாவது ராத்திரி கண்டிகோட்டா, பெண்ணாறு பாறையை அறுத்துக்கொண்டு போகும் பள்ளத்தாக்கு. டென்ட் போடுபவர்கள் வழக்கமாக வரும் இடம்தான். ஆனால் படத்தில் பார்ப்பது போல விளிம்பில் போடாதீர்கள், ராத்திரி ஒன்றுக்குப் போக எழுந்தால் கால் எங்கே வைக்கிறோம் என்று தெரியாது. அடுத்து ஹம்பியில் இரண்டு ராத்திரி, கோகர்ணாவில் இரண்டு, சாகராவில் ஒன்று, சிக்மகளூரில் இரண்டு, கோலாரில் ஒன்று. பதினொரு பகல், பத்து ராத்திரி. பன்னிரண்டாவது நாளை எதற்கும் ஒதுக்காமல் கையில் வைத்திருங்கள். மழை, பஞ்சர், காய்ச்சல், இல்லை ஒரு இடம் பிடித்துப்போய் இன்னொரு நாள் இருக்கத் தோன்றினால் அதற்கு.

ஒவ்வொரு ஊரிலும் டென்ட் எங்கே என்பதையும் தாளில் எழுத வேண்டும். ஹம்பியில் அந்தப் பாறைக் குன்றுகளைப் பார்த்ததும் நடுவே படுக்க ஆசை வரும். பாதுகாக்கப்பட்ட சின்னங்கள் இருக்கும் பகுதி அது, அங்கே டென்ட் அடிக்கக் கூடாது. தவிர, பக்கத்தில் தரோஜி கரடி சரணாலயம் இருக்கிறது. கரடியும் சிறுத்தையும் அந்தப் பாறை இடுக்குகளில் நிஜமாகவே நடமாடுகின்றன. ஒரு சின்ன தங்கும் விடுதியில் பேசி அதன் தோட்டத்தில் போட்டுக்கொள்ளுங்கள். குளியலறையும் கிடைக்கும், வண்டியும் கேட்டுக்கு உள்ளே நிற்கும்.

கோகர்ணாவிலும் கடற்கரைக் குடில்காரர்களிடம் கேட்டு அவர்கள் வேலிக்குள் போடுங்கள். பாலாற்று மணலைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம், மணல் என்றால் அசையாமல் கிடக்கும் என்று நினைப்போம். கடல் ராத்திரியில் ஏறி வரும். மணலில் காய்ந்த பாசியும் குச்சியும் ஒரு கோடு போல ஒதுங்கிக் கிடக்கும் பாருங்கள், தண்ணீர் அதுவரை வந்து போயிருக்கிறது என்று அர்த்தம். அந்தக் கோட்டுக்கு நன்றாக மேலே இருக்க வேண்டும்.

சாகராவில் ஜோக் அருவி பார்க்கலாம், ஜனவரியில் தண்ணீர் மெலிந்திருக்கும். அந்த வட்டாரத்துக் காடுகள் பெரும்பாலும் வனத்துறை நிலம். அனுமதி இல்லாமல் உள்ளே தங்குவது குற்றம், அபாயமும்கூட. சிக்மகளூரில் காபித் தோட்ட வீடுகளில் பேசலாம். வழியில் எங்காவது சிக்கிக்கொண்டால் ராத்திரி முழுக்கத் திறந்திருக்கும் பெட்ரோல் பங்க். லாரிக்காரர்கள் ஓரமாக நிறுத்தித் தூங்குவார்கள். மேனேஜரிடம் கேட்டால் பல இடங்களில் ஒரு மூலை காட்டுவார்கள்.

ஊர்ப் பெயருக்குப் பக்கத்தில் தங்குமிடத்தின் போன் நம்பர். இந்தத் தாளில் ஒரு நகல் உங்கள் மனைவியிடம். தினமும் ஐந்தரைக்கு நீங்கள் கூப்பிட வேண்டும். எட்டு மணி வரை அழைப்பு வராவிட்டால் அவர் முதலில் அந்தத் தங்குமிடத்துக்குப் போன் செய்வார், அங்கேயும் போய்ச் சேரவில்லை என்றால் 112. இதை இரண்டு பேரும் உட்கார்ந்து பேசி முடிவு செய்யுங்கள். சட்டைப் பையில் ரத்த வகையும் வீட்டு நம்பரும் எழுதிய அட்டை ஒன்று இருக்கட்டும். பூட்டியிருக்கும் போன் ஆம்புலன்சில் ஏற்றுபவருக்கு உதவாது.

இனி உங்கள் பட்டியல். டென்ட் விஷயத்தில் மட்டும் காசு பார்க்காதீர்கள். நான் முதலில் வாங்கியது ஒற்றைத் துணி டென்ட், விலை மலிவு. ஏலகிரியில் ஒரு மார்கழி ராத்திரி அதில் படுத்தேன். மழை ஒரு சொட்டு இல்லை. விடியற்காலையில் போர்வை நனைந்து, தலைக்கு மேலிருந்து முகத்தில் சொட்டிக்கொண்டிருந்தது. ஓட்டை என்று நினைத்துத் தடவிப் பார்த்தால் துணி முழுக்க முத்து முத்தாகத் தண்ணீர். நம் மூச்சில் போகிற ஈரம்தான் வெளியே போக வழியில்லாமல் குளிர்ந்த துணியில் படிகிறது. உள்ளே கொசுவலைத் துணி, அதற்கு மேல் கொஞ்சம் இடைவெளி விட்டு மழைத்துணி என்று இரண்டு அடுக்கு உள்ளதை வாங்குங்கள். குளிருகிறதே என்று காற்றுத் திறப்பை அடைத்துவிடாதீர்கள். போர்வையைவிட அடியில் போடும் மேட் முக்கியம், தரைதான் உடம்புச் சூட்டை இழுக்கும்.

கேஸ் அடுப்பும் பாத்திரங்களும் வேண்டாம் என்பது என் கருத்து. இந்த வழி முழுக்க இட்லிக்கும் சாப்பாட்டுக்கும் பஞ்சமே இல்லை, ஜனவரியில் புல் காய்ந்து கிடக்கும். கொண்டுபோயே தீருவேன் என்றால் டென்டுக்கு உள்ளே மட்டும் ஒருபோதும் பற்றவைக்காதீர்கள். நெருப்பு பிடிப்பது ஒரு பக்கம், வாசனையே இல்லாத கார்பன் மோனாக்சைடு தூக்கத்திலேயே ஆளைக் கொன்றுவிடும். மடக்கு நாற்காலியை விட்டுவிடுங்கள். அதற்குப் பதில் நம் ஊர்க் கைலி இரண்டு. துவட்ட, உடை மாற்ற, வெயிலில் தலைக்குக் கட்ட, ராத்திரி சுருட்டித் தலைக்கு வைக்க. குடியாத்தத்துக்காரருக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை.

மொத்தச் சுமை 25 கிலோவுக்குள் நிற்கட்டும். கனமானது கீழேயும் முன்னேயும், பஞ்சு போன்றது மேலேயும் பின்னேயும். சாடில் பேக்கின் வலதுபக்கப் பை சைலன்சரைத் தொடுகிறதா என்று குனிந்து பாருங்கள். நிற்கும்போது தொடாது, பள்ளத்தில் இறங்கும்போது தொடும், பை உருகிப் பொத்தலாகிவிடும். ஏற்றிய எடைக்குத் தகுந்தாற்போல் டயர் காற்றைக் கூட்டுங்கள், அளவு வண்டியோடு வந்த புத்தகத்தில் இருக்கும். செயினுக்கு 500 கிலோமீட்டருக்கு ஒரு முறை எண்ணெய். கூடுதல் ஹெட்லைட்டுக்கு வைத்த பணத்தில் டயரை மாற்றுங்கள், ராத்திரி ஓட்டப்போவதில்லையே.

பஞ்சர் கிட், ஸ்பார்க் பிளக், பியூஸ், செயின் லிங்க். இவற்றோடு புது கிளட்ச் கேபிள் ஒன்றும் வாங்குங்கள், ஆனால் அதைப் பையில் போடாதீர்கள். பழைய கேபிள் ஓடும் வழியிலேயே அதன் பக்கத்தில் புதியதையும் ஓட்டி, இரண்டு முனையிலும் இன்சுலேஷன் டேப் சுற்றி, தூசி போகாமல் விட்டுவிடுங்கள். வழியில் அறுந்தால் டேங்கைக் கழற்ற வேண்டியதில்லை. பழைய முனையை எடுத்துவிட்டுப் புதிய முனையை மாட்டினால் பத்து நிமிடத்தில் கிளம்பலாம். சித்தூரில் ஒரு மெக்கானிக் எனக்குச் சொல்லிக் கொடுத்தது இது.

லைசென்ஸ், ஆர்சி, புகைச் சான்று எல்லாம் டிஜிலாக்கரில் இருந்தால் போதும். இன்ஷூரன்சில் ஓட்டுபவருக்கான 15 லட்ச ரூபாய் விபத்துக் காப்பீடு சேர்ந்திருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். தேசிய நெடுஞ்சாலை டோல்கேட்டில் பைக்குக்குக் கட்டணம் இல்லை.

பொங்கலுக்கு முன் இரண்டு ஒத்திகை. முதலாவது உங்கள் மொட்டை மாடியில், ஒரு ராத்திரி முழுக்க, வீட்டுக்குள் இறங்காமல். கண்ணைக் கட்டிக்கொண்டு டென்ட் அடிக்கும் அளவுக்குக் கை பழக வேண்டும். முளைக்குச்சி எத்தனை, எது குறைகிறது என்பதெல்லாம் அங்கேயே தெரியட்டும். இரண்டாவது, ஒரு சனிக்கிழமை முழுச் சுமையோடு வாணியம்பாடி, ஆலங்காயம், காவலூர் வழியாக ஜமுனாமரத்தூர். அங்கே முன்கூட்டியே பேசி வைத்த இடத்தில் தங்குங்கள். மலை வளைவுகளில் மூட்டை வண்டியை எப்படி இழுக்கிறது என்று கைக்குப் புரியும். காவலூரில் 2.34 மீட்டர் தொலைநோக்கியை வைத்ததற்கு ஒரு காரணமே அந்த மலையின் இருட்டுதான். அப்படி ஒரு இருட்டில் தனியாகப் படுத்தால் தூக்கம் வருகிறதா என்று பாருங்கள். வரவில்லை என்றாலும் தவறில்லை, அதே வழியில் லாட்ஜில் தங்கிப் போய் வரலாம். பயணம் அதனால் குறைந்துபோகாது.

திரும்பி வருவதைப் பற்றி ஒன்று. ஹாசனில் ஏறும் 75-ஆம் எண் நெடுஞ்சாலை பெங்களூர், கோலார், முல்பாகல், வி.கோட்டா வழியாக உங்கள் ஊருக்குள்ளேயே கொண்டுவந்து விடுகிறது. அதனால்தான் ஆபத்து. வீடு நெருங்க நெருங்க நிறுத்த மனசு வராது, கோலாரைத் தாண்டினால் இன்னும் நூறு கிலோமீட்டர்தானே என்று தோன்றும். வி.கோட்டாவில் இருந்து பேரணாம்பட்டுக்கு இறங்கும் பத்தலப்பல்லி மலைப்பாதையில் அப்போது இருட்டியிருக்கும். கௌண்டின்யா காட்டு யானைகள் அந்தப் பக்கம் இறங்குவது உங்களுக்கே தெரியும். கோலாரிலேயே படுத்துவிடுங்கள். ஐந்தரைக்கு வீட்டுக்குப் போன் செய்து, காலைச் சாப்பாட்டுக்கு வந்துவிடுவேன் என்று சொல்லுங்கள்.