நல்லாப் போன சீரியல் நடுவில் ஏன் கெட்டுப்போகிறது? கேள்வி பதில்

சீரியல்கள் பற்றி எதை வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். பாதிக் கேள்விகள் ஒரே மனக்குறையைத்தான் சொல்கின்றன: முன்பு மாதிரி இல்லை. முடிந்தவரை பதில் சொல்கிறேன்.

காட்பாடியிலிருந்து ஒரு தம்பி: அக்கா, மாரிமுத்து சார் இறந்ததால்தானே எதிர்நீச்சல் கெட்டுப்போனது?

பாதிதான் சரி, தம்பி. 2023 செப்டம்பர் 8 அன்று, இதே தொடருக்கு டப்பிங் பேசிக்கொண்டிருந்தபோதுதான் அவருக்கு உடம்பு முடியாமல் போனது. அந்த இழப்பு பெரியது. அவர் நடித்த ஆதி குணசேகரன் மாதிரி, வீட்டுப் பெண்களை அடக்குகிற ஆள் நம் ஊரில் நாலு தெருவுக்கு ஒருவர் இருக்கிறார், அதனால்தான் பார்க்கும்போது அவ்வளவு கோபம் வந்தது. அந்த வேடத்துக்குப் பின்னால் வந்த வேல ராமமூர்த்தி நல்ல நடிகர். ஆனால் மாரிமுத்துவின் வாய்க்கென்று வார்த்த வசனத்தை இன்னொருவர் வாயில் வைத்தால் ஒட்டாது. அவருக்கென்று புதிதாக எழுதியிருக்க வேண்டும்.

மீதிப் பாதி, அதற்கு முன்பே தொடங்கியது. 2022-இல் ஆரம்பித்தபோது என்னை உட்கார வைத்தது அந்த வீட்டு மருமகள்கள் நந்தினியும் ரேணுகாவும் ஈஸ்வரியும் அடுக்களையில் நின்று பேசிய பேச்சு. படித்த பெண்கள், கையில் கரண்டி, வாயில் அடக்கி வைத்த கோபம். அப்பத்தாவின் 40 சதவீதச் சொத்துப் பங்கு கதைக்குள் வந்த பிறகு அந்தப் பேச்சு குறைந்து, கையெழுத்து வாங்கினார்களா இல்லையா என்பதே கதையாகிவிட்டது. சொத்துச் சண்டை எந்த சீரியலிலும் கிடைக்கும், அந்த அடுக்களை வேறு எங்கும் கிடைக்கவில்லை. 2024 ஜூனில் முடித்து, அதே டிசம்பரில் ‘எதிர்நீச்சல் தொடர்கிறது’ என்று திரும்பி வந்தார்கள். இன்னொரு மருமகள் ஜனனியாக நடித்தவரும் மாறிவிட்டார். நான் இன்னும் பார்க்கிறேன், அந்த நான்கு பெண்களுக்காக.

குடியாத்தத்திலிருந்து ஒரு அம்மா: நான் பீடி சுத்திக்கிட்டே டிவி கேக்குறவ கண்ணு. முன்னல்லாம் நிமிந்து பாக்காமலே கதை புரியும். இப்ப ஒண்ணும் புரியலியே, ஏன்?

அம்மா, வந்த கேள்விகளிலேயே முக்கியமானது உங்களுடையதுதான். சீரியலை நம் பக்கம் பாதிப் பேர் பார்ப்பதில்லை, கேட்கிறார்கள். பீடி சுற்றுகிறவர்களும் தறியில் உட்கார்ந்திருப்பவர்களும் கீரை ஆய்கிறவர்களும் கண்ணை வேலையில் வைத்துக்கொண்டு காதைத்தான் டிவிக்குக் கொடுக்கிறார்கள். காதுக்குப் புரியும்படி எழுதுவது பெரிய வித்தை. திருமுருகன் இயக்கிய மெட்டி ஒலி (2002–2005) அதில் நன்றாகத் தேறியது. 2020 ஊரடங்கில் ஷூட்டிங் நின்றபோது சன் டிவி அதை மறுபடி போட்டது, நினைவிருக்கிறதா? அப்போது நான் வேண்டுமென்றே திரையைப் பார்க்காமல் கேட்டுப் பார்த்தேன். ஒவ்வொரு ஆளும் ஒவ்வொரு மாதிரி பேசுகிறார்கள். சரோஜாவின் மாமியார் வாய் திறந்தாலே யார் பேசுவது, யாரைக் குத்துவது என்று தெரிந்துவிடுகிறது. யாருக்கு என்ன செலவு, யார் எங்கே கடன் வாங்கினார் என்பதெல்லாம் பேச்சிலேயே வந்துவிடுகிறது.

இப்போது ஒரு அதிர்ச்சி என்றால் இடி மாதிரி ஒரு சத்தம், அப்புறம் வீட்டில் நிற்கிற எல்லோர் முகத்தையும் வரிசையாகக் கிட்டத்தில் காட்டுகிறார்கள். அந்த நேரம் முழுக்க ஒரு வார்த்தை இல்லை. வசனம் எழுத யோசிக்க வேண்டும், முகத்தைக் காட்ட யோசிக்க வேண்டாம். தினமும் இருபது நிமிடத்துக்கு மேல் நிரப்பியாக வேண்டிய அவசரத்தில் சுலபமானதைச் செய்கிறார்கள். உங்கள் காதில் எந்தக் கோளாறும் இல்லை.

ராணிப்பேட்டையிலிருந்து: நல்ல கதையை ஏன் இவ்வளவு இழுக்கிறார்கள்? முடித்துவிட வேண்டியதுதானே?

ஓடுகிற சீரியலை நிறுத்த யாருக்கும் மனம் வராது. வாராவாரம் வியாழக்கிழமை ரேட்டிங் வருகிறது. எந்தப் பாத்திரம் வந்தால் எண் ஏறுகிறதோ அதை நீட்டுவார்கள், இறங்கினால் புதிதாக ஒரு வில்லியை இறக்குவார்கள். இரண்டு சீரியலை ஒன்றாகக் கலக்கும் மகாசங்கமமும் இப்படி வருவதுதான். முன்பு சன் டிவியில் தயாரிப்பாளர்களே நேரத்தை வாங்கி, விளம்பரத்தையும் தாங்களே பிடிப்பார்கள். பணக் கவலை அப்போதும் உண்டு, கோலங்களும் 2003-இல் தொடங்கி 2009 வரை ஓடியதுதான். ஆனாலும் அதன் நாயகி அபியின் வேலையும் தொழிலும் கதையை விட்டுப் போகவில்லை. நீளம் மட்டும் ஒரு தொடரைக் கெடுப்பதில்லை. அதில் இருப்பவர்கள் வேலைக்குப் போவதையும் காசு எண்ணுவதையும் நிறுத்தும்போதுதான் கெடுகிறது. எந்தத் தொடரையும் அப்படிக் கவனித்துப் பாருங்கள், சரிவு எங்கே ஆரம்பித்தது என்று தெரிந்துவிடும்.

வேலூரிலிருந்து ஒரு செவிலியர்: பாரதி கண்ணம்மாவில் ஒரு டாக்டர் வருஷக்கணக்கில் டிஎன்ஏ பரிசோதனை செய்யாமல் இருந்தாரே, நியாயமா?

நியாயமே இல்லை, அக்கா. ஆஸ்பத்திரி ஊரில் இருக்கிற நமக்கு அது கூடுதலாக உறுத்தும். குழந்தை தன்னுடையதுதானா என்று, ஒரு ரத்தப் பரிசோதனையில் தீர்கிற சந்தேகத்தின் மேல் முழுத் தொடரையும் கட்டினார்கள். ஆனால் அவர் மனைவி கண்ணம்மா தனியாக நின்று சம்பாதித்து மகளை வளர்த்த பகுதி உண்மையாகவே நன்றாக இருந்தது. அதை மறுக்க மாட்டேன்.

ஆம்பூரிலிருந்து: குக் வித் கோமாளி?

அந்த விஜய் டிவி சமையல் நிகழ்ச்சி 2019 கடைசியில் வந்தபோது அதில் யாருக்கும் எதிர்பார்ப்பு இல்லை, அதனால் எல்லோரும் இயல்பாக இருந்தார்கள். புகழும் சிவாங்கியும் மணிமேகலையும் தாங்கள் பிரபலம் ஆவோம் என்று தெரியாமல் விளையாடினார்கள். அப்புறம் வந்தவர்கள் பிரபலம் ஆவதற்காகவே விளையாடுகிறார்கள். 2024-இல் நடுவராக இருந்த வெங்கடேஷ் பட் விலகி சன் டிவிக்குப் போய், மாதம்பட்டி ரங்கராஜ் நடுவரானதும் ஒரு மாற்றம்தான். ஆனால் என் மனசில் முதல் இரண்டு சீசனுக்குப் பிறகே சூடு குறைந்துவிட்டது.

சோளிங்கரிலிருந்து: நடிகர் மாறினால் பார்ப்பதை விட்டுவிடலாமா?

உடனே விடாதீர்கள். ஒரு மாதம் பாருங்கள். பாண்டியன் ஸ்டோர்ஸில் சித்ரா மறைந்த பிறகு, அவர் நடித்த முல்லையாக வேறொருவரைப் பார்க்க எனக்கு மனமே வரவில்லை. ஆனால் கடையும் அண்ணன் தம்பிகளும் அப்படியே இருந்ததால் தொடர் நின்றது.

ஆற்காட்டிலிருந்து ஒரு ஐயா: எல்லாமே காப்பி. நம் ஊர்க் கதை ஒன்றுகூட ஏன் வருவதில்லை?

எல்லாம் காப்பி இல்லை, ஐயா. பாக்கியலட்சுமி வங்காளத்திலிருந்து வந்தது, பாரதி கண்ணம்மா மலையாளத்திலிருந்து. ஆனால் பாண்டியன் ஸ்டோர்ஸ் இங்கே பிறந்து தெலுங்குக்கும் இந்திக்கும் போனது.

இரண்டாவது கேள்வி எனக்கும் ஆதங்கம். வடபழனியில் ஸ்டுடியோக்கள் இருக்கிற சாலைக்குப் பெயர் ஆற்காடு சாலை. கதை மட்டும் ஆற்காடு வரை வருவதில்லை. காரைக்குடிக்குப் பெரிய வீடுகள் இருந்தன, நாதஸ்வரம் தொடர் அங்கே போனது, 2014-இல் ஆயிரமாவது பகுதியை நேரலையாகவே எடுத்தார்கள். நம்மிடம் அரண்மனை வீடு இல்லாவிட்டால் என்ன? விடியற்காலையில் ஆம்பூர், ராணிப்பேட்டை ஷூ கம்பெனிகளின் பஸ் ஏறுகிற பெண்கள் இருக்கிறார்கள். சம்பளம், சீட்டு, மாமியார், ஓவர்டைம், பஸ்ஸில் பின் சீட்டுச் சிநேகம் எல்லாம் அங்கே இருக்கிறது. நான்கு வருடம் ஓடும். கோலங்களும் எதிர்நீச்சலும் எடுத்த திருச்செல்வமோ, மெட்டி ஒலி திருமுருகனோ எடுத்தால் முதல் நாளிலிருந்து பார்ப்பேன்.

வாணியம்பாடியிலிருந்து கல்லூரித் தங்கை: பழையதில் எதிலிருந்து ஆரம்பிக்கட்டும்?

மர்மதேசம், அதிலும் ‘விடாது கருப்பு’. இந்திரா சௌந்தர்ராஜன் எழுத்து, நாகா இயக்கம். 1990களில் வாரம் ஒருமுறை வந்தது, அதனால் ஒரு காட்சிகூட வீணாக இருக்காது. யூட்யூபில் இருக்கிறது. முடித்த பிறகு மெட்டி ஒலிக்குப் போ, அது பெரிசு. தேர்வு நேரத்தில் மட்டும் ஆரம்பிக்காதே, நிறுத்த முடியாது.