இந்தோனேசியாவில், ஜாவாவின் கிழக்குக் கோடியில் உள்ள இஜென் எரிமலைக்குப் போகிறீர்கள். காலை 5 மணிக்கு அதன் பள்ளத்து விளிம்பில் நிற்பதாகப் பயணத் திட்டம்; அப்போது நீலத் தீ தெரியுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

அந்த 5 மணி ஜாவா நேரம் என்றால் தெரியாது. பாறை இடுக்குகள் வழியே வரும் கந்தக வாயு காற்றுப் பட்டதும் பற்றி எரிவதுதான் நீலத் தீ. பகலிலும் எரியும், வெளிச்சத்தில் வெறும் புகையாகத்தான் தெரியும். அங்கே 5 மணிக்கெல்லாம் கிழக்கு வெளுத்துவிடும்.

ஆனால் உங்கள் திட்டத்தைப் போட்டது பாலி முகவர் என்கிறீர்கள். பாலிக் கடிகாரம் ஜாவாவைவிட ஒரு மணி நேரம் முந்தி. குழப்பம் அங்கேதான் என்று நினைக்கிறேன். பாலி நேரம் என்றால் இஜெனில் அப்போது 4 மணிதான், தப்பித்தீர்கள். முன்பணம் கட்டுமுன் கேளுங்கள்:

1. எந்த ஊர் நேரம்?
2. பள்ளத்துக்குள் இறக்கிக் காட்டுவார்களா, விளிம்போடு சரியா? தீ இருப்பது கீழே, பள்ளத்துக்குள் இருக்கும் ஏரியின் கரைப் பக்கம். மேலிருந்து பார்த்தால் புகை விலகும்போது ஒரு நீலப் பொட்டு, அவ்வளவுதான்.

இறங்கும் வழி குறுகல். கீழே கந்தகம் வெட்டி, கூடையில் சுமந்து ஏறி வரும் தொழிலாளர்களுக்கு ஒதுங்கி வழிவிடுங்கள். பலர் தோளில் 70 கிலோ இருக்கும்.

அம்மாவுக்கு ஆஸ்துமா என்று எழுதியிருக்கிறீர்கள். முகமூடி இருந்தாலும் அவரைக் கீழே கூட்டிப்போகாதீர்கள். அப்புறம், வாயு அதிகமானால் பாதையையே மூடிவிடுவார்கள். அன்றைக்கு எத்தனை மணிக்குப் போனாலும் பலனில்லை.