ஆபத்து போன பிறகும் கை ஏன் நடுங்குகிறது?

கேள்வி: எனக்கு வயது 36. நேற்று இரவு பைக்கில் வரும்போது ஒரு குழந்தை குறுக்கே ஓடிவந்துவிட்டது. பிரேக் போட்டு நிறுத்திவிட்டேன். யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. அந்த நொடியில் நிதானமாகத்தான் இருந்தேன். வீட்டுக்கு வந்து பூட்டைத் திறக்கப் போனால், சாவி துவாரத்துக்குள் போகவே இல்லை. கை அப்படி நடுங்கியது. அரை மணி நேரம் நெஞ்சு படபடத்தது. எனக்கு இதயக் கோளாறு ஏதாவது இருக்குமா?

பதில்: குழந்தைக்கும் உங்களுக்கும் ஒன்றும் ஆகவில்லை, அதுவே பெரிய நிம்மதி. நீங்கள் சொல்வதைப் பார்த்தால் இது நோய் மாதிரித் தெரியவில்லை. உங்கள் உடம்பு ஒரே அபாயச் செய்தியை இரண்டு வழியில் அனுப்பியது. ஒன்று உடனே முடிந்துவிட்டது, மற்றது முடிய நேரம் எடுத்தது.

முதல் வழி நரம்பு. வேகமான நரம்பு இழைகளில் செய்தி நொடிக்கு 100 மீட்டர் வேகத்தைக்கூடத் தொடும். கண் பார்த்ததும் கை பிரேக்கை இறுக்கியது இந்த வேகத்தில்தான். வண்டி நின்றதும் அந்தச் செய்தியும் நின்றது.

இரண்டாவது வழி இரத்தம். அதே நொடியில் மூளையின் ஹைப்போதலாமஸ் பகுதி, அவசரத்துக்கு உடம்பைத் தயார்செய்யும் பரிவு நரம்புகள் மூலம் அட்ரினல் சுரப்பிகளையும் தட்டி எழுப்பியது. இரண்டு சிறுநீரகங்களின் தலையிலும் ஒவ்வொன்றாக, தொப்பி வைத்தது போல உட்கார்ந்திருக்கும் சின்னச் சுரப்பிகள் இவை. ஒவ்வொன்றும் 4, 5 கிராம்தான் இருக்கும். அதன் உட்பகுதிச் செல்கள் கருவில் நரம்புச் செல்களோடு ஒரே இடத்திலிருந்து பிறந்தவை. எத்தனை முறை பாடம் எடுத்தாலும் எனக்கு வியப்பு குறையாத இடம் இது. நரம்பாகியிருக்க வேண்டியவை சுரப்பியாகி, அட்ரினலின் என்ற ஹார்மோனை நேராக இரத்தத்தில் கொட்டுகின்றன. இதயம் வேகமாக அடிக்கிறது, மூச்சுக்குழல் விரிகிறது, கல்லீரல் சர்க்கரையை வெளியே விடுகிறது, வாய் வறண்டுபோகிறது.

இரத்தத்தில் கலந்ததைச் சட்டென்று திரும்ப அழைக்க முடியாது, அது சிதைந்துதான் தீர வேண்டும். எல்லோர் கையிலும் எப்போதும் கண்ணுக்குத் தெரியாத ஒரு மெல்லிய அதிர்வு உண்டு. அட்ரினலின் தசையில் வேலை செய்து அதைப் பெரிதாக்கும். ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடித்திருந்தவரை அது தெரியவில்லை. சாவி போடுவது போன்ற நுணுக்கமான வேலையில் காட்டிக்கொடுத்துவிட்டது.

அட்ரினலின் அளவு 2, 3 நிமிடத்தில் பாதியாகிவிடும். பிறகு ஏன் அரை மணி நேரம்? ‘ஐயோ, இன்னும் ஓர் அடி தள்ளி நின்றிருந்தால்’ என்று மனதில் ஓட்டிப் பார்த்திருப்பீர்கள். ஒவ்வொரு முறையும் சுரப்பி மறுபடி கொஞ்சம் சுரக்கும். இதோடு கார்ட்டிசால் என்று ஒரு ஹார்மோன் இருக்கிறது. ஹைப்போதலாமஸ், மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பிக்குச் சொல்லி, பிட்யூட்டரி அட்ரினல் சுரப்பியின் வெளிப்பகுதிக்குச் சொல்லி வருவதால், அது உச்சத்துக்கு வரவே 20, 30 நிமிடம் ஆகும். போதுமான அளவு ஏறியதும் அதுவே மூளைக்கும் பிட்யூட்டரிக்கும் ‘போதும், நிறுத்து’ என்று சொல்லிவிடும்.

சரி, அடுத்த முறை என்ன செய்யலாம்? வண்டியை ஓரங்கட்டி உட்காருங்கள். நடுங்கும் கையோடு ஓட்டாதீர்கள். 4 எண்ணும்வரை மூச்சை இழுத்து, 6 அல்லது 8 எண்ணும்வரை மெதுவாக விடுங்கள். ஐந்து நிமிடம் போதும். இதை வெறும் ஆறுதலுக்காகச் சொல்லவில்லை. இதயத்தைத் தன்போக்கில் விட்டால் நிமிடத்துக்கு 100 முறை அளவில் துடிக்கும். அதை 70 அளவில் இழுத்துப் பிடித்திருப்பது வேகஸ் நரம்பு. மூச்சை வெளியே விடும்போது அதன் பிடி இறுகும். 1921-இல் ஓட்டோ லோவி என்ற விஞ்ஞானி ஒரு தவளை இதயத்தின் வேகஸ் நரம்பைத் தூண்டி, அதைச் சுற்றியிருந்த திரவத்தை இன்னொரு தவளை இதயத்தில் விட்டார். அதுவும் மெதுவாகத் துடித்தது. நரம்புகூட வேதிப்பொருளால்தான் பேசுகிறது என்று அப்போது தெரிந்தது. கொஞ்சம் தெளிந்த பிறகு மெதுவாக நடங்கள். காபியை அப்போதைக்குத் தள்ளிவையுங்கள்.

சர்க்கரை நோய்க்கு இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர்கள் மட்டும் நடுக்கத்தையும் வியர்வையையும் பயம் என்று விட்டுவிடக் கூடாது. உடனே குளுக்கோமீட்டரில் பாருங்கள். 70-க்குக் கீழே இருந்தால் 15 கிராம் குளுக்கோஸ் அல்லது சர்க்கரை எடுத்து, 15 நிமிடத்தில் மறுபடி பாருங்கள். இரத்த அழுத்தத்துக்கும் இதயத்துக்கும் கொடுக்கும் பீட்டா பிளாக்கர் மாத்திரை சாப்பிடுபவர்களுக்குச் சர்க்கரை இறங்கினாலும் படபடப்பு தெரியாமல் போகலாம், வியர்வை மட்டும் வரும். மாறாக, அதிர்ச்சிக்குப் பிறகு சர்க்கரை ஏறியிருந்தால், அந்த ஒரு அளவை வைத்து நீங்களாக மருந்தைக் கூட்டாதீர்கள்.

நெஞ்சுவலி கைக்கோ தாடைக்கோ பரவினால், மூச்சுத் திணறினால், மயக்கம் வந்தால் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள். எந்தக் காரணமும் இல்லாமல் படபடப்பு அடிக்கடி வந்தால், கூடவே எடை குறைந்து வெக்கை தாங்க முடியாமல் போனால், தைராய்டு பரிசோதனையும் ஈசிஜியும் எடுத்துப் பாருங்கள்.