குத்தி நல்லதோ கள்ளமோ: பழங்காசு சேர்ப்பவர்களின் கேள்விகள்

இந்தமுறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே விடயம்தான்: கையில் இருக்கிற காசு நல்லதா, கள்ளமா? அதனால் மற்றவற்றை ஒதுக்கிவிட்டு இதற்கே பதில் எழுதுகிறேன். முப்பது வருடமாகக் குத்தி, அதாவது பழைய காசு, சேர்க்கிறேன். ஏமாந்த கணக்கும் அதற்குள் அடக்கம்.

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியிலிருந்து ஒரு தம்பி: வணக்கம் அண்ணை. ஒருவரிடம் பத்துச் சேதுக்காசு இருக்கிறது. தோட்டம் கொத்தும்போது கிடைத்ததாம், மொத்தமாக எடுத்தால் மலிவாகத் தருவாராம். படம் அனுப்பியிருக்கிறேன். வாங்கலாமா?

வேண்டாம் தம்பி. படத்தைப் பெரிதாக்கி மூன்றாவதையும் ஏழாவதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். படுத்திருக்கும் நந்தியின் திமிலுக்கு மேல், பிறைக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பள்ளம். இரண்டிலும் அதே இடம், அதே ஆழம். விளிம்பு உடைந்த விதமும் ஒன்றுதான்.

சேதுக்காசு என்பது நல்லூரிலிருந்து யாழ்ப்பாணத்தை ஆண்ட ஆரியச்சக்கரவர்த்திகளின் காசு. அது வார்த்ததல்ல, அடித்த காசு. செப்புத் துண்டை அச்சின் மேல் வைத்து, மேலச்சைப் பிடித்துச் சுத்தியலால் ஒரு போடு. ஒரே அச்சில் அடித்தாலும் ஒன்றில் 'சேது' என்ற எழுத்து முழுதாக விழும், இன்னொன்றில் பாதி வெளியே போய்விடும். மறுபக்கத்தில் நிற்கும் அரசனுக்குச் சில நேரம் தலை இராது. தேய்வும் அடியும் ஒவ்வொன்றிலும் வெவ்வேறு மாதிரி. இரண்டு காசு தழும்பு வரைக்கும் ஒத்துப்போனால், ஒரு நல்ல காசை வைத்து அச்செடுத்து உருக்கி வார்த்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

எனக்கு இது எப்படித் தெரியும்? நானும் இதே தோட்டக் கதையைக் கேட்டு ஆறு காசு வாங்கினேன். ஆளின் கையில் மண் கூட இருந்தது! வீட்டுக்கு வந்து மேசையில் வரிசையாக அடுக்கிய பிறகுதான் ஆறு நந்திக்கும் ஒரே கொம்பு முறிந்திருப்பது கண்ணில் பட்டது. அன்றைக்கு இரவு சாப்பாடு இறங்கவில்லை.

வார்த்த காசை விரலாலும் பிடிக்கலாம். மேற்பரப்பில் குண்டூசி முனை அளவு குழிகள் இருக்கும். எழுத்தின் ஓரம் கரைந்த சவர்க்காரம் மாதிரி மழுங்கி இருக்கும். விளிம்பைச் சுற்றி அராவிய கோடு தெரிந்தால் இரண்டு அச்சுப் பாதிகள் சேர்ந்த இடத்தை மறைத்திருக்கிறார்கள்.

மானிப்பாயிலிருந்து ஓர் அக்கா: அம்மம்மாவின் தாலிக்கொடியில் கோத்த இரண்டு பவுண் காசு என்னிடம் இருக்கிறது. கஸ்தூரியார் வீதி நகைக்கடையில் உரைத்துப் பார்த்தேன், தங்கம் சரி என்றார்கள். அப்படியானால் காசும் நல்லதுதானே?

தங்கம் சரி என்பது ஒரு கேள்விக்குத்தான் பதில், அக்கா. முழுத் தங்கத்திலேயே கள்ளப் பவுண் அடித்திருக்கிறார்கள். 1950களின் தொடக்கத்தில் இத்தாலியின் மிலான் நகரில் அதற்கென்றே பட்டறை நடந்தது. அந்தக் காலத்தில் வெறும் தங்கத்தை விடப் பவுண் காசுக்குக் கூடுதல் விலை கிடைத்தது. அந்த வித்தியாசமே இலாபம். நம்முடைய பத்தர்மாரும் நகைக்காக அதே உருவத்தில் அடித்துக் கொடுத்ததுண்டு. அது ஏமாற்று இல்லை, கேட்டவருக்கும் தெரிந்தே செய்தது.

உண்மையான ஆங்கிலப் பவுண் 22 கரட், 7.98 கிராம், குறுக்களவு 22 மில்லிமீற்றரும் ஒரு துளியும். உங்களுடையதில் வளையம் ஒட்டியிருப்பதால் நிறையை நம்ப முடியாது. குறுக்களவைப் பாருங்கள். பிறகு குதிரை வீரன் இருக்கும் பக்கத்தில், ஆண்டுக்கு வலப்புற ஓரத்தில் பூதக்கண்ணாடி பிடியுங்கள். அந்த உருவத்தைச் செதுக்கிய பிஸ்ட்ரூச்சி என்பவரின் பெயரைக் குறிக்கும் 'பி.பி.' என்ற நுண்ணெழுத்து பெரும்பாலான பவுண்களில் உண்டு. தேய்ந்த காசில் தெரியாமலும் போகலாம், உடனே பயப்பட வேண்டாம்.

ஒன்று சொல்கிறேன், கோபிக்கக் கூடாது. வளையம் ஒட்டிய பவுணைச் சேகரிப்பவர்கள் கூடுதல் விலை கொடுத்து வாங்க மாட்டார்கள். தங்க விலைதான். அம்மம்மாவின் கழுத்தில் கிடந்தது என்பதற்காக வைத்திருங்கள்.

சுன்னாகத்திலிருந்து ஒரு பாடசாலை மாணவன்: ஐயா, வீட்டிலேயே சோதிக்க முடியுமா? என்னிடம் 1957 புத்த ஜயந்தி ஐந்து ரூபாய் இருக்கிறது.

முடியும். நல்ல காசில் தொடங்கியிருக்கிறீர். நகைக்கடையில் வைத்திருப்பது போன்ற சின்ன மின்தராசு ஒன்று வேண்டும், 0.01 கிராம் காட்டுவது. முதலில் காசை நிறுக்கவும். அது 28.28 கிராம் இருக்க வேண்டும், தேய்வுக்குக் கொஞ்சம் குறையலாம். பிறகு பாதி தண்ணீர் ஊற்றிய கோப்பையைத் தராசில் வைத்துப் பூச்சியமாக்கவும். காசை மெல்லிய நூலில் கட்டித் தண்ணீருக்குள் முழுதாக இறக்கவும். அடியிலோ பக்கத்திலோ முட்டக் கூடாது, கை நடுங்கவும் கூடாது. தராசு காட்டும் எண்தான் காசு இடம்பெயர்த்த தண்ணீரின் நிறை.

உம்முடைய காசில் ஆயிரத்துக்கு 925 பங்கு வெள்ளி. ஆகவே தராசு 2.7 கிராம் அளவில் நிற்க வேண்டும். செம்பும் நிக்கலும் கலந்து மேலே வெள்ளி முலாம் பூசியதென்றால், அதே நிறைக்கு 3.2 அளவுக்குப் போகும். காசில் ஒரு கீறல் கூட விழாது. காந்தமும் வைத்துப் பாரும்: வெள்ளி ஒட்டாது. ஆனால் ஒட்டாததெல்லாம் வெள்ளி என்று எடுத்துவிடாதீர், செம்பும் பித்தளையும் ஒட்டாது.

சாவகச்சேரி வாசகர்: ஒல்லாந்தர் செப்புக் காசு பச்சை பிடித்திருக்கிறது. பழப்புளி போட்டுத் தேய்த்துவிட்டுப் படம் அனுப்பவா?

ஐயையோ, வேண்டாம். தேசிக்காயும் வேண்டாம். அந்தக் களிம்புதான் உங்கள் சாட்சி. மண்ணுக்குள் மெல்ல மெல்லப் பிடித்த பச்சை உலோகத்தோடு ஒட்டியிருக்கும். மருந்து ஊற்றி இரண்டு நாளில் வரவைத்த பச்சை நகம் பட்டாலே மாவாக உதிரும். தேய்த்துவிட்டால் நல்ல காசுக்கும் கள்ளக் காசுக்கும் ஒரே மினுக்கம், நான் எதைப் பார்த்துச் சொல்வது?

வல்வெட்டித்துறை வாசகர்: இராமர் பட்டாபிஷேகம் பொறித்த 1818ஆம் ஆண்டு கிழக்கிந்தியக் கொம்பனி அரை அணா. அரிசியை இழுக்குமாம், கோடிக்குப் போகுமாம்.

கொம்பனி அப்படி ஒரு காசை அடிக்கவே இல்லை. விற்பனைக்கென்று பிற்காலத்தில் யாரோ செய்த வில்லை அது. அரிசி இழுப்பது பழைய மோசடி. 'சோதனைச் செலவு' என்று முன்பணம் கேட்பார்கள், கொடுத்தால் போனதுதான்.

பல்கலைக்கழக மாணவி: கள்ளக் காசுக்கும் வரலாற்று மதிப்பு உண்டா?

நல்ல கேள்வி, தங்கச்சி. உண்டு, அது யாரை ஏமாற்றச் செய்தது என்பதைப் பொறுத்து. இலங்கையில் நான்காம், ஐந்தாம் நூற்றாண்டு உரோமச் செப்புக் காசுகள் நிறையக் கிடைத்திருக்கின்றன. அவற்றோடு உள்ளூரிலேயே அவற்றைப் பார்த்து அடித்த சின்னக் காசுகளும் கிடைக்கின்றன. சந்தையில் சில்லறை போதாமல் அடித்தவை என்று கொள்ளலாம். இன்றைக்கு அவையும் ஆய்வுப் பொருள்தான்.

சேகரிப்பவனை ஏமாற்றச் செய்தது வேறு சாதி. அதில் பேர்போன கள்ளக் காசுக்காரர் ஜெர்மனியின் கார்ல் வில்ஹெல்ம் பெக்கர், 1830இல் செத்துப்போனார். புதிதாக அடித்த 'பழங்காசு'களை இரும்புத் தூளோடு பெட்டியில் போட்டு, குதிரை வண்டியின் அடியில் கட்டி ஊர் சுற்றுவாராம், தேய்வு வரட்டும் என்று. இப்படிப்பட்ட காசுகளால் பணம் போவது மட்டும் இல்லை. ஒரு சேதுக்காசு எங்கே கிடைத்தது என்பதை வைத்துத்தான் நல்லூர் அரசின் வணிகம் எதுவரை போனது என்று பேசுகிறோம். பொய்க் காசு பொய் ஊரோடு பதிவுக்குள் வந்துவிட்டால் அதை யார் வெளியே எடுப்பது?

ரொறன்ரோவிலிருந்து ஏழாலைக்காரர்: பிளாஸ்டிக் உறைக்குள் தரச்சான்றோடு வருகிற காசை இணையத்தில் வாங்கினால் பயமில்லையே? ஊரிலிருக்கும் பழங்காசை இங்கே கொண்டுவரலாமா?

உறையையும் போலியாகச் செய்கிறார்கள். சான்று இலக்கத்தை அதைக் கொடுத்த நிறுவனத்தின் இணையப் பக்கத்தில் போட்டு, அங்குள்ள படத்தையும் காசையும் ஒப்பிடுங்கள். இலக்கம் சரியாக இருந்து தழும்பு மாறினால் விட்டுவிடுங்கள். இரண்டாவது கேள்விக்கு: இலங்கையில் 1940ஆம் ஆண்டுத் தொல்பொருள் கட்டளைச் சட்டம் இருக்கிறது. தொல்பொருள் திணைக்களத்தின் அனுமதி இல்லாமல் பழங்காசு நாட்டை விட்டுப் போகக் கூடாது. உங்கள் காணியில் கிடைத்தது என்பதற்காகப் புதையல் உங்களுடையதும் ஆகாது.

கொக்குவிலிலிருந்து ஒருவர்: ஏமாந்துவிட்டேன். விற்றவன் திருப்பி எடுக்க மாட்டேன் என்கிறான். வேறு யாருக்காவது தள்ளிவிடலாமா?

தள்ளாதீர்கள். என்னோடு சேர்க்கத் தொடங்கிய இருவர் இப்படி ஒரேயொரு காசில் ஏமாந்து, எல்லாவற்றையும் விற்றுவிட்டு ஒதுங்கினார்கள். இன்றைக்கு நல்ல சேதுக்காசு வைத்திருப்பவர் விற்கப் போனாலும் நான்கு பேர் சந்தேகமாகத் திருப்பிப் பார்க்கிறார்கள். அவருக்கும் அரை விலைதான்.

என்னுடைய ஆறு காசும் ஒரு பிஸ்கட் ரின்னுக்குள் இருக்கின்றன, மேலே 'கள்ளம்' என்று சிவப்பு மையில் எழுதி. புதிதாகச் சேர்க்க வரும் பிள்ளைகளின் கையில் முதலில் அவற்றைத்தான் கொடுப்பேன். பிறகு நாவலர் வீதி அருங்காட்சியகத்துக்குப் போய் நல்லவற்றைப் பார்த்துவிட்டு வரச் சொல்லுவேன். போன மாதம் வந்த பத்து வயதுக்காரி ஆறையும் அடுக்கிவிட்டு, 'மாமா, எல்லா மாட்டுக்கும் ஒரே கொம்பு முறிஞ்சிருக்கு' என்றாள். எனக்கு ஒரு பொழுது எடுத்தது, அவளுக்கு இரண்டு நிமிடம்.