நியூயார்க் மாநில அரசியலில் கிளென்வுட் என்ற கட்டுமான நிறுவனம் அவ்வளவு செல்வாக்குப் பெற்றது எப்படி? அது கொடுத்த நன்கொடையெல்லாம் சட்டப்படி சரியா?

கிளென்வுட் மேனேஜ்மென்ட், மன்ஹாட்டனில் வசதியானவர்களுக்கான வாடகைக் குடியிருப்புகளைக் கட்டி நடத்தும் நிறுவனம். நிறுவியவர் லெனர்ட் லிட்வின், 2017இல் 102 வயதில் காலமானார். எல்லோரும் அவர் கொடுத்த பணத்தைப் பற்றியே பேசுகிறார்கள். அதற்கு முன் பார்க்க வேண்டியது சட்டங்களின் காலாவதித் தேதி.

நியூயார்க் நகரத்து வாடகையை நகர மன்றம் தன் விருப்பப்படி கட்டுப்படுத்த முடியாது. மாநிலச் சட்டத்தைவிடக் கடுமையான வாடகை விதியை நகரம் போடக்கூடாது என்று 1971இலேயே தடுத்துவிட்டார்கள். ஆக, முடிவு தலைநகர் ஆல்பனியில். அங்கே வாடகைச் சட்டத்தை நிரந்தரமாக்காமல் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை நீட்டித்து வந்தார்கள்: 1997, 2003, 2011, 2015. புதுக் கட்டடங்களுக்குச் சொத்துவரியைக் குறைத்த 421-ஏ சலுகைக்கும், 2022இல் அது முடிவுக்கு வரும்வரை, இப்படிக் கெடு இருந்தது. கெடு நெருங்கும்போதெல்லாம் ஆளுநர், கீழவைச் சபாநாயகர், செனட் பெரும்பான்மைத் தலைவர் என்று மூன்று பேர் உட்கார்ந்து பேரம் முடிப்பார்கள். கட்டட முதலாளிக்கு அந்த மூவரும் ஒவ்வொரு முறையும் தேவைப்பட்டார்கள்.

இனி பணம் போன வழி. ஒரு கம்பெனி ஆண்டுக்கு மொத்தம் 5,000 டாலர்தான் நன்கொடை தரலாம். ஆனால் 1996இல் மாநிலத் தேர்தல் வாரியம், எல்எல்சி (உரிமையாளரின் கடன் பொறுப்புக்கு வரம்பு வைக்கும் தொழில் அமைப்பு) கம்பெனி அல்ல, தனிநபர் மாதிரி என்று முடிவு செய்தது. 2014இல் ஆளுநர் வேட்பாளருக்குத் தனிநபர் உச்சவரம்பு 60,800 டாலர். ரியல் எஸ்டேட்டில் ஒவ்வொரு கட்டடத்துக்கும் தனி எல்எல்சி வைப்பது வழக்கம். பத்துக் கட்டடம் இருந்தால் 6,08,000 டாலர். சட்டப்படி எல்லாம் சரி. வாக்காளரை ஏமாற்றியது அந்த விதியே என்பது என் உறுதியான கருத்து.

வழக்கானது வேறு இரண்டு விஷயம். சபாநாயகர் ஷெல்டன் சில்வர், கட்டட முதலாளிகளைச் சொத்துவரி மேல்முறையீட்டுக்காக ஒரு சிறிய வழக்கறிஞர் அலுவலகத்துக்கு அனுப்பினார். அந்த அலுவலகம் தன் கட்டணத்தில் ஒரு பங்கை, சுமார் 7 லட்சம் டாலரை, அவருக்குக் கொடுத்தது. செனட் தலைவர் டீன் ஸ்கெலோஸின் மகனுக்கு, வேலை ஏதும் செய்யாமலே, கிளென்வுட் ஏற்பாட்டில் இன்னொரு நிறுவனம் வழியாக 20,000 டாலர் போனது. இருவரும் குற்றவாளிகள் என்று 2015இல் தீர்ப்பானது. லஞ்சத்துக்கான வரையறையை உச்ச நீதிமன்றம் 2016இல் குறுக்கியதால் தீர்ப்புகள் ரத்தாகி, 2018 மறுவிசாரணையில் மீண்டும் தண்டனை. கிளென்வுட் மீது குற்றச்சாட்டு இல்லை.

2019 ஜனவரியில் எல்எல்சிக்கும் 5,000 டாலர் வரம்பு வந்தது. உரிமையாளர் பெயரையும் சொல்ல வேண்டும். தொகை, உரிமையாளர் ஒவ்வொருவரின் பங்குப்படி, அவரது சொந்த நன்கொடைக் கணக்கிலும் ஏறும். ஆனாலும் என் பார்வையில் பெரிய மாற்றம் அதே ஆண்டு ஜூனில் வந்ததுதான்: வாடகைச் சட்டத்துக்குக் காலாவதித் தேதியே இல்லாமல் செய்தார்கள்.

வேட்பாளரோடு சேராமல் தனியாகப் பிரசாரம் செய்யும் குழுக்களுக்கு இன்னும் உச்சவரம்பு இல்லை. பழைய நன்கொடைகளைத் தேர்தல் வாரியப் பதிவில் தேடுகிறவர்கள் நிறுவனப் பெயரை மட்டும் போட்டுத் தேடாதீர்கள். பணம் கட்டடப் பெயர்களில் சிதறிக் கிடக்கும். நன்கொடையாளர் முகவரியை வைத்து வரிசைப்படுத்துங்கள். ஒரே முகவரியில் பல எல்எல்சிகள், ஒரே நாளில், ஒரே தொகை என்று வந்தால் பின்னால் இருப்பது பெரும்பாலும் ஒரே கைதான்.